லெகோ ஏன் டேங்க் செய்வதில்லை?

பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் லெகோ.

அந்தப் பெட்டிகளில் கோட்டை உண்டு. பீரங்கி வைத்த கடற்கொள்ளையர் கப்பல் உண்டு. விண்கலம், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், ஏன் முழு ஆஸ்பத்திரியே உண்டு.

ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு டேங்க் லெகோ பெட்டியில் கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள்.

கிடைக்காது.

செய்யத் தெரியாமல் இல்லை. செய்யக்கூடாது என்று முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் லெகோ கட்டைகளிலும் அதே மாதிரியான மற்ற கட்டைகளிலும் அச்சு அசலாக, அளவு குறைத்த டேங்க் மாடல் கட்டுவது இன்று பல நாடுகளில் பெரியவர்களும் செய்யும் பொழுதுபோக்கு.

செய்ய மாட்டேன் என்றவர்கள் யார்? ஏன்? பிறகு யார் செய்தார்கள்? வீட்டில் பிள்ளை டேங்க் கேட்டால் வாங்கித் தரலாமா?

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் டேங்க் என்ற பெயரில் இருந்து ஆரம்பிப்போம்.

நம்மூரில் டேங்க் என்றால் மொட்டைமாடியில் இருக்கும் தண்ணி டேங்க்தான். ஏரியையும் கண்மாயையும்கூட ஆங்கிலத்தில் டேங்க் என்றே எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு.

இரும்புப் போர் வண்டிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

முதல் உலகப் போரின்போது பிரிட்டன் இந்த வண்டியை ரகசியமாகத் தயாரித்தது. விஷயம் வெளியே கசியக் கூடாது. அதனால் "இது போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி" என்று கதை கட்டினார்கள். அந்தப் பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆமாங்க, போர் டேங்கும் பெயரளவில் தண்ணி டேங்க்தான்.

1916 செப்டம்பர் 15. பிரான்சின் சோம் போர்க்களத்தில் மார்க் 1 என்ற டேங்க் முதன்முறையாகச் சண்டையில் இறங்கியது. எடை சுமார் 28 டன். வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். அதாவது நாம் வேகமாக நடக்கும் வேகம்.

உள்ளே 8 பேர். அவர்களோடு அதே அறையில் எஞ்சினும் இருந்தது. நடுவில் தடுப்பு கிடையாது.

எஞ்சின் ஓட ஓட உள்ளே கார்பன் மோனாக்சைடு சேரும். இந்த வாயு ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, வாந்தி, குழப்பம், மயக்கம் என்று வரிசையாக வரும்.

வெளியே குண்டு பட்டால் உள்பக்கச் சுவரில் இருந்து உலோகத் துணுக்குகள் தெறிக்கும். அதற்காக, தோலில் செய்து கீழே சங்கிலி வலை தொங்கவிட்ட முகமூடி கொடுத்திருந்தார்கள்.

இந்த 8 பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இவர்களிடம் திரும்பி வருவோம்.

இப்போது டென்மார்க் போவோம்.

பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்று ஒரு தச்சர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வீடு கட்டுவார் யாரும் இல்லை. வேலை இல்லாமல் 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார்.

1934-ல் கம்பெனிக்குப் பெயர் வைத்தார். "நன்றாக விளையாடு" என்ற பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கினால் வருவது லெகோ.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் ராணுவம் டென்மார்க்குக்குள் நுழைந்தது. அடுத்த ஐந்து வருடம் அந்த நாடு ஆக்கிரமிப்பில் இருந்தது. இதற்கு நடுவே 1942-ல் ஓலேயின் பொம்மைத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தே போனது. திரும்பக் கட்டினார்.

போர் முடிந்தபின் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். 1949-ல் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டை வந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். கட்டையின் மூல யோசனை லெகோவுடையது இல்லை. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் இதே மாதிரிக் கட்டையை முன்பே செய்திருந்தார். லெகோ அதைப் பார்த்துத்தான் தொடங்கியது.

லெகோ சேர்த்த புதுமை 1958-ல் வந்தது. கட்டையின் மேலே இருக்கும் குமிழ்களைக் கீழிருந்து இறுக்கிப் பிடிக்க, உள்ளே வெற்றுக் குழாய்களை வைத்தார்கள். ஜனவரி 28 அன்று ஓலேயின் மகன் கோட்ஃப்ரெட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இன்று வரை கட்டையின் அடிப்படை அதேதான்.

மேலே 8 குமிழ் உள்ள சாதாரணக் கட்டை ஆறு இருந்தால், அவற்றை 91.5 கோடி விதமாகப் பொருத்தலாம் என்று கணித வல்லுநர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

லெகோவுக்குப் பெருமையும் தலைவலியும் இந்தக் கணக்குதான். எதுவாகவும் மாறக்கூடிய பொம்மை டேங்காகவும் மாறும் அல்லவா?

போர் என்பது பிள்ளை விளையாட்டாகத் தெரியக்கூடாது என்பது ஓலேயின் கொள்கை. அடுத்து வந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பல வருடங்களுக்கு லெகோ கட்டை என்றால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம். பச்சையும் சாம்பலும் கட்டையாகக் கிடைப்பது அரிது. அந்த நிறங்களைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் ராணுவ வண்டி கட்டிவிடுவார்கள் என்ற தயக்கமும் இதற்கு ஒரு காரணம்.

1978-ல் லெகோ ஒரு பெரிய கோட்டையை வெளியிட்டது. கோட்டை என்றால் கருங்கல் நிறத்தில்தானே இருக்கணும்? அது பளீரென்று மஞ்சளாக இருந்தது! இன்றும் சேகரிப்பாளர்கள் அதை "மஞ்சள் கோட்டை" என்றுதான் சொல்கிறார்கள்.

"அப்படியென்றால் லெகோ ஆயுதமே செய்யாத உத்தமரா?" என்று கேட்டால், இல்லை.

1940-களின் நடுவில் மரத்தில் பொம்மைத் துப்பாக்கி செய்து விற்ற கம்பெனிதான் அது. பிறகு வந்த வீரர்களுக்கு வாள் உண்டு, கொள்ளையருக்குப் பீரங்கி உண்டு. 1999-ல் ஸ்டார் வார்ஸ் படத்தோடு ஒப்பந்தம் போட்டபோது, பெயரிலேயே போர் இருக்கிறதே என்று கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் செய்தார்கள். பிரமாதமாக விற்றது.

முதல் உலகப் போர் விமானங்கள்கூடச் செய்திருக்கிறார்கள்.

அப்போ கோடு எங்கே? 2010-ல் லெகோ அதை எழுத்தில் வைத்தது. உலகின் மோதல் நடக்கும் இடங்களில் இருந்து பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய நிஜ ஆயுதங்களையும் ராணுவத் தளவாடங்களையும் தவிர்ப்பது நோக்கம் என்றது.

வாள் சரி. லேசர் துப்பாக்கி சரி. டிவி செய்தியில் வரும் டேங்க் வேண்டாம். இதுதான் கோட்பாடு.

கோடு எவ்வளவு மெல்லியது என்பது 2020-ல் தெரிந்தது. ஆஸ்ப்ரே என்ற விமானத்தை மீட்புப் பணி விமானமாக வடிவமைத்து விற்பனைக்குத் தயாராக வைத்திருந்தார்கள். நிஜத்தில் அதைப் பறக்கவிடுவது ராணுவங்கள் மட்டுமே. ஜெர்மனியின் அமைதி இயக்கம் ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது. வெளியாகச் சில நாட்களே இருக்கும்போது லெகோ விற்பனையை நிறுத்தியது.

சரி, லெகோ செய்யவில்லை. பிறகு யார் செய்தார்கள்?

இதைப் புரிந்துகொள்ள ஜெனரிக் மருந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கம்பெனி புது மருந்து கண்டுபிடித்தால் குறிப்பிட்ட காலம் காப்புரிமை உண்டு. அது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அதே மருந்தைச் செய்யலாம். பிராண்ட் பெயரை மட்டும் போடக்கூடாது. நம் அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரைகளில் பெரும்பாலானவை அப்படி வருபவைதான்.

லெகோ கட்டைக்கும் அதுவே நடந்தது. ஒவ்வொரு நாடாகக் காப்புரிமை காலாவதியானது. உடனே லெகோ, "கட்டையின் வடிவமே எங்கள் டிரேட்மார்க்" என்று கோர்ட்டுக்குப் போனது.

2005-ல் கனடாவின் உச்ச நீதிமன்றமும், 2010-ல் ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றமும் இதை ஏற்கவில்லை. குமிழ் இருப்பது அழகுக்காக இல்லை, பொருந்துவதற்காக. வேலை செய்யும் ஒரு வடிவத்தை டிரேட்மார்க் என்ற பெயரில் ஒருவர் காலத்துக்கும் வைத்துக்கொள்ள முடியாது.

தோசைக்கல் வட்டமாக இருப்பது எங்கள் கம்பெனியின் அடையாளம், இனி வேறு யாரும் வட்டமாகச் செய்யக்கூடாது என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்வோமா? அதே கதைதான்.

கதவு திறந்தது. இரண்டு பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ஒரு பக்கம் ரசிகர்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் சிஸ்கிண்ட் என்பவர் தொடங்கிய பிரிக்மேனியா, நிஜ லெகோ கட்டைகளையே வாங்கி, பிரித்து, டேங்க் செட்டாக மாற்றி விற்கிறது. கட்டை லெகோவுடையது, டேங்க் இவர்களுடையது.

இன்னொரு பக்கம், சொந்தமாகக் கட்டை வார்க்கும் கம்பெனிகள். அதில் முக்கியமானது போலந்தின் கோபி. 1987-ல் தொடங்கிய கம்பெனி. இரண்டாம் உலகப் போர் டேங்குகளையும் விமானங்களையும் வரிசையாகச் செய்கிறது.

டென்மார்க்காரர் வேண்டாம் என்று ஒதுக்கியதைப் போலந்துக்காரர் ஏன் எடுத்தார்? இரண்டு நாடுமே ஹிட்லரின் படையால் ஆக்கிரமிக்கப்பட்டவைதானே?

வியாபாரம் ஒரு காரணம். சந்தேகமே இல்லை. ஆனால் போலந்தில் டேங்க் வேறொரு நினைவாகவும் இருக்கிறது.

1944 ஆகஸ்ட். வார்சா மக்கள் ஜெர்மன் படைக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்தார்கள். கிளர்ச்சிக்காரர்கள் கையில் பெரிதாக ஆயுதம் இல்லை. இரண்டு ஜெர்மன் பாந்தர் டேங்குகளை அவர்கள் கைப்பற்றினார்கள்.

ஆகஸ்ட் 5 அன்று அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டு போய் நகரத்துக்குள் இருந்த ஒரு வதைமுகாமின் கதவை உடைத்தார்கள். உள்ளே இருந்த சுமார் 350 யூதக் கைதிகள் விடுதலையானார்கள். அந்த டேங்குக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மக்டா.

அன்று அந்தக் கைதிகளுக்கு டேங்க் என்றால் கதவு திறப்பது.

எட்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 13. ஜெர்மானியர்கள் விட்டுச் சென்ற இன்னொரு கவச வண்டியைக் கைப்பற்றி வார்சாவின் பழைய நகரத் தெருக்களில் ஊர்வலமாக ஓட்டி வந்தார்கள். டேங்க் கிடைத்துவிட்டது என்று மக்கள் கூடினார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

அது டேங்க் இல்லை. வெடிமருந்தைச் சுமந்து போய் வைக்கும் வண்டி. கூட்டத்தின் நடுவில் வெடித்தது. 300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஒரே நகரம், ஒரே மாதம்.

போருக்குப் பிறகு 1960-களில் போலந்து டிவியில் டி-34 டேங்கில் போகும் நான்கு வீரர்களும் ஒரு நாயும் என்று ஒரு தொடர் வந்தது. ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. அந்த டேங்கின் எண் 102. கோபி அந்த 102-ஐயும் கட்டை மாடலாகச் செய்திருக்கிறது.

இப்போது மாடல் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்ப்போம். இந்தப் பொழுதுபோக்கின் ருசியே இங்கேதான்.

டேங்க் மாடல்களில் பிரபலமான அளவு 1:35. அதாவது நிஜத்தில் 35 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. ஜப்பானின் டமியா கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் செய்த பாந்தர் மாடலில் இருந்து இந்த அளவு பரவியது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க அந்த அளவு தோதாக இருந்தது. காரணம் அவ்வளவுதான்! கோபி தன் டேங்குகளை இப்போது 1:28 அளவில் செய்கிறது.

கட்டையில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. தட்டையான துண்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ.

ஜெர்மனியின் டைகர் டேங்கை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் சுமார் 6.3 மீட்டர். 35-ஆல் வகுத்தால் 18 செ.மீ. குமிழ்க் கணக்கில் இருபத்திரண்டரை.

அரைக் குமிழ் கட்டையில் கிடையாது. 22-ஆ, 23-ஆ? ஒரு குமிழ் கூடினால் நிஜ டேங்கில் 28 செ.மீ. கூடிய மாதிரி. இப்படி ஒவ்வொரு பக்கத்திலும் முடிவெடுக்க வேண்டும்.

குமிழ் எப்போதும் மேலேயே பார்க்க வேண்டும் என்று இல்லை. கட்டையைப் பக்கவாட்டில் திருப்பியும் பொருத்தலாம். ஐந்து தட்டைத் துண்டுகளை அடுக்கினால் 16 மி.மீ. இரண்டு குமிழின் நீளமும் 16 மி.மீ. இந்தச் சமன்பாடு தெரிந்தால் போதும், நேராக வைத்ததும் படுக்க வைத்ததும் இடைவெளி இல்லாமல் சேரும்.

டைகரைக் கட்டுவது சுலபம். அது ஒரு பெட்டி மாதிரி. முன்பக்க இரும்பு 100 மி.மீ. கனம், கிட்டத்தட்ட செங்குத்து.

சோவியத்தின் டி-34 தான் கஷ்டம். முன்பக்கம் சரிந்து படுத்திருக்கும். கீல் வைத்த துண்டுகளை வைத்துச் சாய்க்க வேண்டும்.

ஏன் அப்படிச் சாய்த்தார்கள்?

ஊசி போடும்போது நேராகக் குத்தினால் தோலைக் கொஞ்ச தூரத்திலேயே தாண்டிவிடும். சாய்த்துக் குத்தினால் அதே தோலுக்குள் ஊசி அதிக தூரம் போக வேண்டும். தோல் தடிமனாகவில்லை, பாதை நீண்டுவிட்டது.

டி-34-ன் முன்பக்க இரும்பு 45 மி.மீ. தான். செங்குத்தில் இருந்து 60 டிகிரி சாய்த்ததால், நேராக வரும் குண்டு 90 மி.மீ. இரும்பைக் கடக்க வேண்டும். டைகர் 100 மி.மீ. போட்டு, சுமார் 57 டன் எடையோடு திணறியது. டி-34 அதில் பாதி எடைதான். டைகர் மொத்தம் சுமார் 1,350 தான் செய்ய முடிந்தது. டி-34 போர் முடிவதற்குள் 50,000-ஐத் தாண்டியது.

பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போகும் விஷயம் இது. கீல் துண்டு வைத்துச் சாய்த்துக் கட்டும் பிள்ளைக்குக் கை வழியாகப் புரியும்.

அதனால்தான் டேங்க் மாடல் கட்டுபவர்களைப் போர் வெறியர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரை இவர்கள் அளவுக்கு அக்கறையாகப் படிப்பவர்கள் குறைவு.

ஆனால் இந்த மாடல்களில் ஒன்று இருக்காது.

வெளிப்புறம் நட்டு போல்ட் வரை சரியாக இருக்கும். மூடி திறக்கும். உள்ளே பல நேரம் ஒன்றோ இரண்டோ பொம்மை வீரர்கள் இருப்பார்கள், முகத்தில் சிரிப்போடு.

நிஜ டைகரில் 5 பேர். அமெரிக்காவின் ஷெர்மனிலும் 5 பேர். முதலில் பார்த்த 8 பேரின் வாரிசுகள் இவர்கள். சராசரி மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாத இடம். சுற்றிலும் பெட்ரோலும் குண்டுகளும்.

ஷெர்மனுக்குள் எதிரிக் குண்டு துளைத்து நுழைந்தால், உள்ளே அடுக்கியிருந்த சொந்தக் குண்டுகள் பற்றிக்கொண்டன. வெளியேறச் சில நொடிகள்தான்.

தீக்காய வார்டில் ஒரு இரவு டூட்டி பார்த்தவர்களுக்கு, மூடிய இடத்துத் தீ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தோல் மட்டும் வேகாது. சுடுகாற்றையும் புகையையும் இழுத்த மூச்சுக்குழாயும் வீங்கும். வெளிக்காயம் குறைவாகத் தெரிபவர்கூடக் காலையில் இருக்க மாட்டார்.

1944-ல் ஷெர்மனில் ஒரு மாற்றம் செய்தார்கள். குண்டுகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, அந்தப் பெட்டிகளைச் சுற்றிலும் தண்ணீர் கலந்த திரவத்தை நிரப்பினார்கள்.

1945-ல் அமெரிக்க ராணுவம் ஆய்வு செய்தது. துளைக்கப்பட்ட பழைய வகை ஷெர்மன்களில் 60 முதல் 80 சதவீதம் எரிந்திருந்தன. தண்ணீர் உறை வைத்தவற்றில் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே.

பொய்க்காகத் தண்ணீர்த் தொட்டி என்று பெயர் வைத்த வண்டிக்குள், 28 வருடம் கழித்து நிஜமாகவே தண்ணீரை வைத்தார்கள். அது ஆட்களைக் காப்பாற்றியது.

சரி. பிள்ளைக்கு டேங்க் வாங்கித் தரலாமா?

என் கருத்தைச் சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

டேங்க் பொம்மை வைத்து விளையாடினால் பிள்ளை வன்முறையாளனாகிவிடுவான் என்று நான் பயமுறுத்த மாட்டேன். நிறத்தை ஒளித்து வைத்தும் பிள்ளைகள் சிவப்பிலும் மஞ்சளிலும் டேங்க் கட்டத்தான் செய்திருப்பார்கள்.

அதே சமயம் லெகோவின் தயக்கத்தையும் நான் கேலி செய்ய மாட்டேன். ஐந்து வருடம் அந்நியப் படைக்குக் கீழே இருந்த ஊர்க்காரர், போர் விளையாட்டாகத் தெரியக்கூடாது என்று நினைத்தார். விற்றால் காசு வரும் என்று தெரிந்தே ஒன்றை விற்காமல் இருப்பது லேசான விஷயம் இல்லை.

எனக்குத் தோன்றும் வழி இது. ஓரளவு விவரம் தெரிந்த வயதில் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கூட உட்கார்ந்து கட்டுங்கள். சாய்ந்த இரும்பின் கணக்கைச் சொல்லுங்கள். மக்டாவின் கதையையும் ஆகஸ்ட் 13-ன் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசியில் அந்தச் சின்ன மூடியைத் திறந்து, "இதுக்குள்ள எத்தனை பேர் இருந்திருப்பாங்க? தீப்பிடிச்சா எப்படி வெளியே வந்திருப்பாங்க?" என்று கேளுங்கள்.

அதைக் கேட்ட பிள்ளை டேங்கை வைத்து விளையாடட்டும். எனக்குப் பயமில்லை.

டாக்டராக இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

சின்னக் கட்டைகள் உள்ள எந்த செட்டும் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. நிலக்கடலை, புளியங்கொட்டை மாதிரியே இதுவும் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். அண்ணன் கட்டும் டேங்கின் சக்கரம் தங்கையின் வாய்க்குப் போவது ஒரு நிமிட வேலை.

வாங்கும்போது பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

உங்கள் வீட்டில் கட்டிய டேங்கோ, கோட்டையோ, ஆஸ்பத்திரியோ இருந்தால் கமெண்டில் போட்டோ போடுங்கள். பார்க்க ஆசை.